குன்றத்தூர் சம்பந்தம்

சேலையூர் கேம்ப் ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருக்கிற குமரேசன் வருஷத்தில் பதினொரு மாதம் தங்கமான மனிதர். மார்கழி பிறந்தால் மட்டும் தெருவில் யாரும் அவரோடு வாய் கொடுக்க மாட்டார்கள். ஊரே கோலத்தின் நடுவில் வைக்கப் பரங்கிப் பூ தேடி அலைகிற மாதம் அது. குமரேசன் வீட்டுத் தோட்டத்திலோ கொடி கொள்ளாமல் பூத்துக் கிடக்கும். கேட்டால் ஒன்று தர மாட்டார். "அது பூவு இல்லம்மா, மாப்ள" என்பார். கேட்டவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் வளர்ப்பது சாம்பாருக்குக் கீற்றுப் போட்டு வாங்குகிற பரங்கி இல்லை. நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ராட்சதப் பரங்கி. முன்பு அந்தக் குடும்பத்துக்கு ஏரிக்கரை வரைக்கும் நிலம் இருந்தது. அதெல்லாம் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகி, கடைசியில் வீட்டைச் சுற்றி மிஞ்சிய துண்டு மண்ணில்தான் இந்தக் கூத்து. தீபாவளிக்கு விதை ஊன்றி, மழைக்குத் தார்ப்பாய் கட்டி, மார்கழியில் பூக்க வைத்து, பங்குனி வெயில் தலைகாட்டுவதற்குள் பழுக்க வைக்க வேண்டும்.

பரங்கிக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் கோலிக் குண்டு மாதிரி ஒரு பிஞ்சு இருக்கும். காலையில் மலரும். வெயில் ஏறுவதற்குள் அந்தப் பூவில் ஆண் பூவின் மகரந்தம் விழுந்தால் பிஞ்சு நிற்கும், இல்லாவிட்டால் வெம்பி உதிரும். தேனீயை நம்பி விட்டால் அது எந்தத் தெருப் பூவில் புரண்டுவிட்டு வந்ததோ யாருக்குத் தெரியும். அதனால் பெரிய காய் வளர்ப்பவர்கள் முதல் நாள் சாயங்காலமே மொட்டுகளை நூலால் கட்டிவிட்டு, மறுநாள் காலையில் தாங்களே அவிழ்த்துச் சேர்த்து வைப்பார்கள். எதை எதோடு சேர்க்கிறோம் என்பதில்தான் வித்தை. அப்படி வந்த விதைக்குத் தாய்க் கொடியின் பெயரை முன்னாலும் தகப்பன் கொடியின் பெயரை அடுத்தும் போட்டு எழுதுவார்கள். அந்தப் பெயர் அந்த வம்சம் இருக்கிற வரைக்கும் இருக்கும்.

குமரேசனுக்கு நிறத்தில்தான் பித்து. கடையில் ஷேட் கார்டைப் புரட்டிப் புரட்டிப் பழகிய கண். ஆறு வருஷமாக நிறத்தை மட்டுமே பார்த்துப் பார்த்துச் சேர்த்து, ஆரஞ்சு என்றால் ஆரஞ்சு, கண் கூசுகிற ஆரஞ்சு கொண்டுவந்துவிட்டார். ஆனால் எடைதான் ஏறவில்லை. அவருடைய காய் எதுவும் ஓர் அரிசி மூட்டையைத் தாண்டியதில்லை.

எடை குன்றத்தூரில் இருந்தது. பரிதா என்கிற பெண்மணி, முருகன் மலைக்குப் பின்பக்கம் வீட்டை ஒட்டிய மனையில், ஏரி வண்டலைக் கொட்டி வளர்த்த காயைத் தூக்குவதற்கு அவருடைய கணவர் அப்துல் கஃபார் திருமுடிவாக்கத்துத் தன் பட்டறையிலிருந்து ஆட்களையும் செயின் கப்பியையும் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தப் படம் தோட்டக்காரர்களின் வாட்ஸப் குழுவில் வந்த அன்று குமரேசனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காய் மலை மாதிரி இருந்தது. நிறமோ ஆறிப்போன பால் டீ. வயிற்றெரிச்சலில் அவர் எழுதினார்: "சைஸ் சூப்பர். ஆனா இது கலர் இல்லம்மா, கலருக்கு முன்னாடி அடிக்கிற ப்ரைமர்." குழுவே திக்கென்று இருந்தது. பரிதாவிடமிருந்து ஒரு சிரிப்புப் பொம்மையும் ஒரு வரியும் வந்தது: "பெயின்ட் நீங்க குடுங்கண்ணா."

சம்பந்தம் அப்படித்தான் ஆரம்பித்தது. குமரேசனின் நிறமும் பரிதாவின் எடையும் ஒரு காயில் சேர்ந்தால் அந்தப் பக்கத்தில் அதை அடித்துக்கொள்ள ஒன்று இருக்காது என்று இருவருக்கும் தெரியும். இந்த மார்கழியில் செய்துவிடுவது என்று பேச்சு. ஆனால் கார்த்திகை மழை குன்றத்தூரில் பரிதாவின் கொடிகளை அழுக வைத்துவிட்டது. தப்பியது ஒன்று. அந்த ஒன்றிலும் காயாக விடத் தகுந்த இடத்தில் வந்தது ஒரே ஒரு பெண் மொட்டு. அது நாளைக் காலை மலரும், விடிந்ததும் வந்து ஆண் பூ எடுத்துக்கொள்கிறேன் என்று பரிதா செய்தி அனுப்பினார்.

குமரேசன் வீட்டில் மாப்பிள்ளை தயாராக இருந்தது. அதன் பெயர் துரை. கேட்டை ஒட்டி, நல்ல மண்ணில், மீன் அமிலமும் பஞ்சகவ்யமும் குடித்து வளர்ந்த கொடி. அதன் காய்க்கு அடியில் ஆற்று மணல் மெத்தை, மேலே நிழல் வலை, மழை நாட்களில் பெயின்ட் கம்பெனிக் குடை. சாயங்காலமே துரையின் கொழுத்த ஆண் மொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து நூலால் கட்டினார். குழுவில், "துரை நாளைக்குக் குன்றத்தூருக்கு மாப்பிள்ளையாகப் போகிறார்" என்று படத்தோடு போட்டார். ஆறு வருஷ உழைப்பு, அப்படிப்பட்ட ஒரு தாயோடு சேர்ந்து, தகப்பன் இடத்தில் துரை என்ற பெயரோடு நிற்கப் போகிறது. அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, கேட்டருகில் நின்றார். அவர் மனைவி கீதா கோலத்தை முடித்துவிட்டு மாவுக் கையோடு அவரைப் பார்த்தாள்.

"பரங்கிக்காய்க்கு இஸ்திரி சட்டையா? நம்ம பொண்ணைப் பார்க்க வந்தப்பகூட கடைச் சட்டையிலதான் நின்னே."

"இது வேற, கீதா."

"வேறதான். அதுல எனக்கு இன்னா சந்தேகம்."

பனி இன்னும் விலகாத நேரத்தில் பரிதா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண்மணி. ஹெல்மெட்டைக் கழற்றித் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்தார். சுற்றி வரும்போது ஒரு கணம் நின்று அதைப் பார்த்தார். கையில் ஈரப் பஞ்சு போட்ட எவர்சில்வர் டப்பா.

"வாங்க பரிதாம்மா, வாங்க. இவர்தான் துரை" என்றார் குமரேசன். குரலே மாறியிருந்தது.

பரிதா உட்கார்ந்து பார்த்தார். குமரேசன் பேசினார், பேசினார், இலையின் அகலத்தையும் தண்டின் பருமனையும் வேர் ஓடிய தூரத்தையும் பேசினார். பரிதா காயின் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போல ஒவ்வொரு பக்கமாக நகர்த்திக்கொண்டு போனார். காம்பைப் பார்த்தார். விரலால் மணலைப் பறித்து, காயின் அடியில் கையை விட்டு, குனிந்து எட்டிப் பார்த்தார். அவ்வளவு நிதானமாக ஒருவர் ஒரு காயைப் பார்த்ததைக் குமரேசன் அதுவரை கண்டதில்லை. கடைக்கு வந்து ஒரே வெள்ளையில் பத்து வெள்ளையைப் பிரித்துப் பார்க்கிற கட்டட மேஸ்திரிகள்கூட இப்படிப் பார்க்க மாட்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமையாக இருந்தது.

"அடி வெளுத்துக் கீதேண்ணா" என்றார் பரிதா.

"தரையில படுற எடம்மா. எல்லாக் காய்க்கும் அப்பிடித்தான்."

"எல்லாத்துக்கும் அப்பிடியா? இதோட கூடப் பொறந்ததுங்க எங்க?"

"கூடப் பொறந்ததா?"

"இந்த விதை வந்த காய்ல இருந்து வேற செடி போட்டிருப்பீங்க இல்ல. மாப்ள பார்க்கப் போனா, மாப்ளைய மட்டுமா பார்க்குறோம்? அண்ணன் தம்பி எப்பிடி, தங்கச்சி எப்பிடின்னு விசாரிக்கிறது இல்லையா?"

"மத்ததெல்லாம் சுமார்மா. பிடுங்கிட்டேன். இருக்கிறதுல இதான் ராஜா."

அது முழுப் பொய் இல்லை. முக்கால் பொய். பரிதா எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். கீதா டீயோடு வந்தாள். டீயை வாங்கிக்கொண்ட பரிதா, குமரேசனை விட்டுவிட்டுக் கீதாவிடம் திரும்பினார்.

"அண்ணி, கோலத்துல வச்சிகினு கீறீங்களே ஒரு பூவு, அது எந்தச் செடி?"

கீதா கணவனைப் பார்த்தாள். கணவன் வானத்தைப் பார்த்தார்.

"அது என் செடி" என்றாள் கீதா. "இவரு இருக்குற செடியில ஒரு பூவு தொட வுட மாட்டாரு. ஊர்ல கீற கோலத்துல எல்லாம் பூ, பரங்கிக்காய்க்காரர் வூட்டுக் கோலத்துல மட்டும் வெறும் சாணி உருண்டை. அசிங்கமா இருந்துச்சு. பின்னாடி துணி தொவைக்கிற கல்லுகிட்ட போன வருஷத்துக் காயோட குடலைக் கொட்டுனேன், அதுல ஒண்ணு மொளைச்சுது. உருப்படாத செடி, வேணும்னா கோலத்துக்கு வச்சிக்கோன்னு எனக்குக் குடுத்துட்டாரு."

"துரை விதை வந்த அதே காயா?"

"அதே காய்தான்."

பரிதா டீ டம்ளரைக் கேட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தார். பின்பக்கம் வீட்டுக்கும் அடுக்குமாடியின் மதிலுக்கும் நடுவில், வெயில் எட்டிப் பார்க்காத சந்து. துவைக்கிற கல்லிலிருந்து சோப்பு நுரை ஓடுகிற வழியில், யாரும் ஒரு பிடி எரு போடாத ஒரு கொடி மதிலைப் பிடித்துக் கிடந்தது. இலையெல்லாம் சிறுத்து, ஓரம் கருகி. கல்லின் இடுக்கில் தேனீ மகரந்தம் சேர்த்ததில் நின்ற ஒரு காய், தேங்காயைவிடக் கொஞ்சம் பெரியது. குமரேசனுக்கு அதைக் காட்டவே வெட்கமாக இருந்தது.

பரிதா அந்த ஈரத் தரையில், சோப்புத் தண்ணீரில், முழங்கையை ஊன்றிப் படுத்துவிட்டார். படுத்து, காயைக் காம்பு முறியாமல் ஒரு விரல் அளவுக்குத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தை அடித்தார். வெகுநேரம் அப்படியே கிடந்தார். பிறகு, "அண்ணா, இங்க வந்து பாருங்க" என்றார்.

இஸ்திரிச் சட்டையோடு குமரேசனும் குனிந்தார். காயின் அடிப்பக்கம், மண்ணில் அழுந்திக் கிடந்த அந்த வட்டம்கூட, ஆரஞ்சாக இருந்தது. மேலே எப்படியோ கீழேயும் அப்படி. ஒரு திட்டு வெளுப்பு இல்லை. ஷேட் கார்டு பழகிய அந்தக் கண் ஒரு நொடியில் அதைப் படித்துவிட்டது. தினமும் துணி காயப்போடுகிற கொடியில் துண்டை எடுக்க அவர் இந்தப் பக்கம் வருகிறவர்தான். ஒரு நாளும் குனிந்ததில்லை.

"வெயிலே இல்லாத எடம்" என்றார் பரிதா. "சோறு போடல, தண்ணி ஊத்தல, சோப்பைக் குடிச்சிகினு கீது. அப்பவும் இந்தக் கலர். இது வெயில் குடுத்த கலர் இல்லண்ணா, ரத்தத்துல கீற கலர்."

"காய் சின்னதும்மா. துரைல பாதி இல்ல."

"துரைய இங்க நட்டு, இதை அங்க நட்டிருந்தா?"

குமரேசன் ஓரம் கருகிய இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. துரைய நீங்க வளத்திருக்கீங்களே, அப்பிடி வளக்க எனக்கே வராது. ஆனா எனக்கு வளப்பு வேணாம், பொறப்பு வேணும். வளப்பு என்கிட்ட கீது. எங்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு பூவு. எனக்கு இதோட பூதான் வேணும்."

முகத்தில் அடித்த மாதிரி இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் குமரேசன் சண்டை போட்டிருப்பார். பரிதா சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. மாப்பிள்ளையை வாசலில் உட்கார வைத்துவிட்டு, சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தம்பியைப் பெண் வீட்டார் பிடித்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. குழுவில் போட்ட படத்தை நினைத்தார்.

ஆனால் அந்தச் சந்துக் கொடியில் மலர்ந்த ஆண் பூ ஒன்றுகூட இல்லை. நாளைக்கு மலரக் கூடிய மொட்டுகள்தான். பரிதாவின் முகம் அப்போதுதான் முதல்முறையாக வாடியது.

"நாளைக்கு என் பூ இருக்காதே" என்றார்.

"கோலத்துல கீதே" என்றாள் கீதா.

"அது காலையில பறிச்சது அண்ணி. பறிக்கிறதுக்குள்ள தேனீ வந்து போயிருக்கும். வேற பூவோட தூளு கலந்திருந்தா எல்லாம் வீண்."

"காலையில யாரு பறிச்சா? விடிஞ்சா பக்கத்து வூட்டு அனுப்பிரியா மதில் மேலால கை வுட்டு எடுத்துகினு பூடுறா. அதனால நான் மொதல் நாள் சாயங்காலமே மொட்டா பறிச்சி, தண்ணி டம்ளர்ல வச்சி, மூடி போட்டு கிச்சன்ல வச்சிடுவேன். உள்ளேயேதான் விரியும். இருட்டு இருக்கச்சொல்ல கொண்டுபோய் வச்சேன். தெருவுல இன்னும் வெயில் வரல, தேனீ எங்க வரும்."

பரிதா கீதாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூன்று பேரும் வாசலுக்கு ஓடினார்கள். ஓடினார்கள் என்பது மிகை இல்லை. தெருவில் அடுக்குமாடியின் நிழல் இன்னும் விழுந்துகிடந்தது. கோலத்தின் நடுவில், சாணி உருண்டையில், பூ பாதி விரிந்து பனி கோத்து உட்கார்ந்திருந்தது. பரிதா தொடவில்லை. கோலத்துக்கு வெளியே காலை இழுத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, போட்ட கோலத்துல இருந்து எடுக்கலாமா? கேக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"கல்யாணத்துக்குத்தானே போவுது" என்று சொல்லிவிட்டுக் கீதா தன் கோலத்தின் மேலேயே நடந்து போய், பூவை அலுங்காமல் எடுத்து டப்பாவில் வைத்தாள்.

குமரேசன் துரையின் பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு பெண்களும் டப்பாவின் மேல் குனிந்திருந்த நேரத்தில் அவர் கை தானாகப் போய், துரையின் பூவில் கட்டிய நூலை உருவிக் கொடியிலேயே விட்டுவிட்டு, பூவைக் கிள்ளி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

"நீங்களும் வாங்கண்ணா" என்றார் பரிதா. "மாப்ள வூட்டுக்காரங்க இல்லாம நிக்காவா?"

"நான் எதுக்கு. கடை திறக்கணும்."

"கடை எங்கயும் ஓடிப் பூடாது, போ" என்றாள் கீதா. "அதுவும் நம்ம வூட்டுப் புள்ளதான்."

பைபாஸ் பிடித்து, திருமுடிவாக்கம் வழியாக, பரிதாவின் ஸ்கூட்டருக்குப் பின்னால் குமரேசன் தன் வண்டியில் போனார். வழியெல்லாம் மனசுக்குள் சண்டை. தன் வீட்டு வாசலில் தன் துரையை ஒருத்தி வேண்டாம் என்றுவிட்டாள், அதற்குத் தானே ஊர்வலம் போகிறோமே என்று இருந்தது. இன்னொரு பக்கம், அந்த ஈரத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் படுத்த அந்த உருவம் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆறு வருஷத்தில் அவர் அப்படிப் படுத்ததில்லை.

பரிதாவின் தோட்டம் தோட்டமாக இல்லை, மருத்துவமனை மாதிரி இருந்தது. தப்பிய ஒரே கொடிக்குக் கஃபார் பட்டறையில் வளைத்துச் செய்த இரும்புக் கூண்டு, அதன் மேல் கொசுவலை. கொடி நெஞ்சளவு உயரத்துக்கு இலையை நிமிர்த்தி நின்றது. ஒவ்வோர் இலையும் முறம். எடை எங்கிருந்து வருகிறது என்று குமரேசன் அங்கே நின்று புரிந்துகொண்டார். வலையை விலக்கி, பரிதா பெண் மொட்டின் நூலை அவிழ்த்தார். பூ சோம்பல் முறிப்பது போல மெல்ல விரிந்தது.

"அல்லா, கட்டுற நூலை ஸ்கூட்டர் பெட்டியில வச்சேனா, உள்ள வச்சேனா" என்றார் பரிதா. "அண்ணா, பூவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க, தேனீ வந்துடப் போவுது. கையும் கழுவிகினு வந்துடுறேன்." டப்பாவை ஒரு செங்கல் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

குமரேசன் தனியாக நின்றார். எதிரே அந்த ஊரிலேயே பெரிய கொடியின் ஒரே பெண் பூ, திறந்தபடி. சட்டைப் பையில் துரை.

அவர் நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னது உண்மைதான். நல்ல மனிதர்களுக்கும் இப்படிப்பட்ட இரண்டு நிமிஷம் வாய்க்கும். பூவை எடுத்து இதழைக் கிழித்துத் தடவினால் முடிந்தது வேலை. அதன் மேல் பரிதா கோலப் பூவைத் தடவினாலும் முந்திக்கொள்வது துரைதான். யாருக்கும் தெரியாது. விதையாகி, அடுத்த வருஷம் முளைத்து, காய்க்கும் வரை யாருக்கும் தெரியாது. காய்த்த பிறகும் அண்ணன் பிள்ளையா தம்பி பிள்ளையா என்று யார் கண்டுபிடிப்பது. அவர் பையில் கையை விட்டார். பூ வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போது வலையின் திறப்பு வழியாக ஒரு தேனீ வந்தது. நேராகப் பெண் பூவுக்குப் போயிற்று. குமரேசன் பதறிப்போய்ப் பையிலிருந்து கையை உருவி அதை விரட்டினார். அது சுற்றிக்கொண்டு திரும்ப வந்தது. மறுபடி விரட்டினார். பூவின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் குடை மாதிரி பிடித்துக்கொண்டார். தேனீ புறங்கையில் உட்கார்ந்தது. கையை உதறினால் பூ திறந்துவிடும் என்று அப்படியே அசையாமல் நின்றார். அது நடந்து நடந்து மணிக்கட்டுவரை வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இந்தப் பூவுக்குப் பெரிய தேனீ தன் சட்டைப் பையில் இருக்கிறது என்பது உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் கோபம் கரைந்தும் போயிற்று. பரிதா வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

பரிதா நூலோடு வர ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. வந்ததும் அவர் வேலையைப் பார்த்ததில் அது மறந்துவிட்டது. கோலப் பூவின் இதழ்களைப் பின்னால் மடித்துப் பிடித்து, நடுவிலிருந்த மஞ்சள் தண்டைப் பெண் பூவின் ஒவ்வொரு மடலிலும், குழந்தைக்கு மை தீட்டுவது போலத் தீட்டினார். ஒரு மடல்கூட விடவில்லை. பிஸ்மில்லா என்று உதடு அசைந்தது. பிறகு பெண் பூவின் வாயை மூடி நூல் கட்டினார். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த குமரேசனுக்கு, இந்தக் கைக்குத் தன் நிறம் போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம், துரை போனால் என்ன தம்பி போனால் என்ன என்று தோன்றியது.

அந்த மார்கழி முடியும்வரை சேலையூரில் தலைகீழ் மாற்றம். துவைக்கிற கல் இடம் மாறியது. கோலச் செடிக்கு எரு வந்தது, நிழல் விலக்கக் கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பிவிட்டார்கள். "நல்ல பேரு வாங்குனதும் என் செடி போச்சு" என்று கீதா சண்டை போட்டதில், கோலத்துக்குத் துரையிலிருந்து பூ பறிக்க அனுமதி கிடைத்தது.

பங்குனியில் குன்றத்தூர்க் காய் படம் வந்தது. பழைய எடை, பழைய பால் டீ நிறம். குழுவில் கிண்டல் தாங்கவில்லை. குழுவை நடத்துகிற ஹரிபிரசாத், "பெயின்ட் காய்ந்துவிட்டதா சார்?" என்று கேட்டான். பரிதா பதில் எழுதினார்: "இது அம்மா முகம்ப்பா. புள்ள உள்ள கீது." காயை அறுத்து, விதையைக் கழுவிக் காயவைத்து, கொழுத்ததில் சரிபாதியைக் கஃபார் கையில் சேலையூருக்குக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த தீபாவளிக்குத் துரை இருந்த நல்ல மண்ணில் அந்த விதை ஊன்றப்பட்டது. குமரேசன் கடைப்பையனைக்கூடக் கிட்டே விடாமல் தானே பார்த்தார். தினமும் தரையில் படுத்து அடியைப் பார்த்தார். சட்டையைப் பற்றிய கவலை போய்விட்டது. தை முடியும்போது காய் கேட்டை மறைத்தது. மாசியில் தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். பங்குனியில் கஃபார் செயின் கப்பியோடு வந்தார். இரும்புக் கடையிலிருந்து எடை மேடை வந்தது. காய் சங்கிலியில் தரையைவிட்டு எழும்பியபோது தெருவே குனிந்து அதன் அடியைப் பார்த்தது. சுற்றிலும், மேலும், கீழும் ஒரே ஆரஞ்சு. சேலையூர் அதுவரை பார்த்திராத எடை. கஃபார் தாடியைத் தடவிக்கொண்டு, "இதைத் தூக்கத்தான் நான் பட்டறை வச்சேன் போல" என்றார். குமரேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்காதது போலப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பரிதாவும் குமரேசனும் காயின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். குமரேசன் மனசுக்குள் ஒரு வருஷமாக வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார்.

"அன்னிக்கு நீ சொன்னது சரிம்மா. நான் காயைப் பார்த்தேன், நீ வம்சத்தைப் பார்த்தே. ஆறு வருஷம் கண்ணு முன்னால வச்சிகினு எனக்குத் தெரியல."

பரிதா சிரித்தார். "அன்னிக்கு உங்க சட்டைப் பை மஞ்சளா இருந்துச்சுண்ணா" என்றார்.

குமரேசனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

"சேலையூர்லயே பார்த்துட்டேன். துரையோட பூவும் காணோம், நூல் மட்டும் தொங்குது. தெரிஞ்சுதான் உங்களை வரச் சொன்னேன். நூலு என் கையிலயேதான் இருந்துச்சு. உள்ள போயி ஜன்னல்ல நின்னுகினு இருந்தேன்."

"ஏம்மா? எனக்குப் புத்தி கெட்டுப் போயிருந்தா? உனக்கு இருந்தது அந்த ஒரே பூவு."

"பூவு அடுத்த வருஷமும் பூக்கும். இந்த வேலை ஒரு வருஷத்துல முடியுறது இல்லண்ணா. இன்னும் பத்து வருஷம் உங்க பூவு என் வூட்டுக்கு வரணும், என் பூவு உங்க வூட்டுக்கு வரணும். நான் இல்லாதப்ப நீங்க என் பூகிட்ட நிக்கணும். செடிக்கு ஜோடி பார்க்கத் தெரிஞ்சவளுக்கு, கூட வேலை செய்ய ஆளு பார்க்கத் தெரியணும் இல்ல. தேனீ உங்க கையில ஊர்ந்தப்ப, போதும்னு வெளிய வந்துட்டேன்."

வெயில் ஏறியிருந்தது. குமரேசன் காயின் மேல் உள்ளங்கையை வைத்தார், சூடாக இருந்தது. பரிதா கீதா கொடுத்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

"அடுத்த மார்கழிக்கு என் கொடிக்கு அப்பன் யாருன்னு நான் பார்க்கப் போறது இல்ல" என்றார். "நீங்க சொல்றதுதான்."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை குமரேசன் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே பார்த்து, "கீதா, கொஞ்சம் வெளிய வாயேன், அடுத்த மார்கழிக்கு மாப்ள யாருன்னு உன்னைக் கேக்கணும்" என்று கூப்பிட்டார்.